அம்மாவின் பட்டுப்புடவையை வெட்டி அறுபதுகள் பாணி கவுன் தைக்கலாமா?

அம்மா எழுபதுகளில் கட்டிய அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு இருக்கிறது, அதை வெட்டி இடுப்பில் இறுகிக் கீழே விரியும் பழைய கால கவுனாகத் தைத்து, புதுச்சேரி வைட் டவுனில் படம் எடுக்க வேண்டும், வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கத்தரியை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. அதில் தேறாத புடவை கவுனாகவும் நிற்காது. தேறிய புடவையை வெட்டாமலேயே நீங்கள் கேட்கும் அந்தக் காலத்துத் தோற்றத்தைக் கொண்டுவரலாம். அதற்கு வழி ரவிக்கையில் இருக்கிறது.

பாரம்பரியம் பேச வந்துவிட்டாள் என்று யாரும் கருத்துப் பெட்டியில் ஆரம்பிக்க வேண்டாம். சுங்குடி, வாயில் (மெல்லிய பருத்தித் துணி), பூனம் (செயற்கை இழைப் புடவை) என்று எதை வேண்டுமானாலும் தாராளமாக வெட்டுங்கள். எச்சரிக்கை பழைய பட்டுக்கு மட்டும்தான், அதுவும் நூலின் பலத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

சோதனை இதுதான். புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். கோட்டோடு ஊசிப் புள்ளிகளாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே நூல் விட்டுவிட்டது. பிறகு மடிப்பின் இரு பக்கமும் இரண்டு அங்குல இடைவெளியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துப் பிடித்து மெதுவாக இழுங்கள். நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை. ஒரே மடிப்பில் பல வருஷம் பீரோவில் இருந்த பட்டு அப்பளம் மாதிரி நொறுங்கும். கொசுவம் தரையில் உரசிய கீழ்க்கரை, தோளில் ஊக்கு குத்திய இடம், இடுப்பில் செருகிய பகுதி, இந்த மூன்றையும் தனியாகப் பாருங்கள். கடலோர ஊரில் கூடுதலாக ஒன்று: இரும்பு ஊக்கைக் குத்தியபடியே விட்டிருந்தால் அதைச் சுற்றிப் பழுப்புக் கறை இருக்கும். அது துரு. கறை மட்டும் இல்லை, துரு பட்ட நூலும் சீக்கிரம் அறும்.

இதிலெல்லாம் தேறியது, வெட்டியே தீருவேன் என்கிறீர்களா? பெரும்பாலானவர்கள் சறுக்குவது பாவாடைப் பகுதியில். அறுபதுகள் கவுன் என்றதும் எல்லாரும் வட்ட வெட்டு கேட்கிறார்கள். கணக்கு சரியாகத்தான் வரும். இடுப்பு 30 அங்குலம் என்றால் அரைவட்டத்துக்கு உள் ஆரம் ஒன்பதரை. நீளம் 34 சேர்த்தால் நாற்பத்து மூன்றரை, புடவையின் 46 அங்குல அகலத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் கரை நேர்கோடு, வட்டத்தின் விளிம்பு வளைவு. வெட்டித் தைத்த பிறகு ஒரு பக்கத்து ஜரிகைக் கரை பின்பக்கத் தையலின் இரு ஓரமும் செங்குத்தாக இறங்கும். மறு பக்கத்துக் கரை முன்னால் நடுவில் மட்டும் ஒரு துண்டு எட்டிப் பார்க்கும். இடுப்பிலிருந்து கீழே சுற்றிலும் கரை வருவது மாதிரி மனசில் வரைந்து வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்ததும் டெய்லரைத்தான் திட்டுவார்கள்.

கரை கீழே சுற்றி வர வேண்டும் என்றால் மடிப்புப் பாவாடைதான் வழி. முழு மடிப்புக்கு இடுப்பின் மூன்று மடங்கு துணி: 90 அங்குலம், தையலுக்கு 2, ஆக 92. கரையே கீழ் விளிம்பாக நிற்பதால் மடித்து அடிக்க வேண்டாம். பாவாடை நீளம் 31 என்றால் மேலே ஒரு அங்குலம் விட்டு 32இல் வெட்டுங்கள். மீதி 14 அங்குலப் பட்டை மறு கரையோடு கிடைக்கும், அதை இடுப்புப் பட்டிக்கும் கை முனைக்கும் வைத்துக்கொள்ளலாம். கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைத்த கோர்வைப் புடவையாக இருந்தால் கரையும் உடலும் சேரும் கோட்டுக்கு அரை அங்குலத்துக்குள் கத்தரி போகக் கூடாது. அந்த இடத்தில் இரண்டு நிற ஊடைகளும் (குறுக்கு இழைகள்) ஒன்றுக்குள் ஒன்று கோத்துத்தான் நிற்கின்றன, கிட்டத்தில் வெட்டினால் பிரிய ஆரம்பிக்கும்.

மேல்பகுதியைத் தயவுசெய்து அந்தப் பட்டில் தைக்காதீர்கள். அறுபதுகள் பாணியின் உயிரே இறுக்கம். பழைய பட்டு இறுக்கம் தாங்காது, கையை முன்னால் நீட்டினால் முதுகில் ஆம்ஹோல் (கை இணையும் வளைவு) ஓரம் முதலில் கிழியும். கட்டாயம் என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் ரூபியா வாயிலை வைத்துச் சுற்றிலும் கையால் நூலோட்டி, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தைக்க வேண்டும். லைனிங்கைத் தனியாகத் தைத்து உள்ளே தொங்கவிட்டால் இழுவை முழுக்கப் பட்டின் மேல் விழும். சேர்த்துத் தைத்தால் பருத்தி தாங்கும். வாயிலை ஒரு இரவு தண்ணீரில் போட்டு உலர்த்திய பிறகே வெட்டுங்கள், இல்லையென்றால் முதல் சலவையில் அது சுருங்கி மேலே பட்டு கொப்புளிக்கும். மிஷின் ஊசி 9 அல்லது 11. பருத்தி நூல் போடுங்கள், முறுக்கான பாலியஸ்டர் நூல் நைந்த பட்டை அறுத்துவிடும். இஸ்திரி உள்பக்கம் மட்டும், மேலே மெல்லிய துணி போட்டு. தண்ணீர் தெளித்தால் வட்ட வட்டமாகத் தடம் நிற்கும்.

இப்போது ரவிக்கைக்கு வருகிறேன். புடவை எந்தக் காலத்தது என்பது பார்க்கிறவர் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, காஞ்சிபுரம் பட்டு அப்போதும் இப்போதும் ஏறக்குறைய ஒரே முகம்தான். காலத்தைக் காட்டிக்கொடுப்பது ரவிக்கை வெட்டு. ஐம்பதுகள் வேண்டுமானால் பஃப் கை, கொஞ்சம் ஏறிய கழுத்து, முன்பக்கக் கொக்கி. அறுபதுகள் என்றால் போட் நெக், கையில்லாமலோ மிகச் சின்னக் கையோடோ, உடலோடு ஒட்டிய கூர்மையான டக்குகள். எழுபதுகளுக்கு முழங்கை வரை இறங்கும் ஒட்டிய கை. பின்கழுத்தை ஆழமாக இறக்கிக் குஞ்சம் கட்டினால் மூன்றுமே போய்விடும், அது இந்தக் காலத்து முகூர்த்த ரவிக்கை. பேட் வைத்த கப்பும் அப்படித்தான், உருண்டையாகக் காட்டும். பேட் இல்லாமல் நான்கு டக்கு ரவிக்கையாகக் கேளுங்கள்.

பஃப் கையில் தவறு நடப்பது சுருக்கத்தில். சாதா கைக்கு 13 அங்குல அகலம் வெட்டுவதாக இருந்தால் பஃப்புக்கு 19 அல்லது 20, மேல் வளைவை 2 அங்குலம் உயர்த்தி. சுருக்கம் தோளின் உச்சியில் ஐந்தாறு அங்குலத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அக்குள் வரை பரப்பினால் குழந்தை கவுன் ஆகிவிடும், புடவைத் தலைப்பும் தோளில் உட்காராது. நீளத் தையல் இரண்டு வரிசை, கால் அங்குல இடைவெளியில் ஓட்டி, இரண்டு நூலையும் சேர்த்து இழுங்கள். ஒரே வரிசையில் இழுத்தால் சுருக்கம் ஒரு பக்கமாகச் சாயும். பஃப் நிமிர்ந்து நிற்க உள்ளே பக்ரம் என்ற கஞ்சி போட்ட விறைப்புத் துணி வைக்கும் பழக்கம் இருக்கிறது. நம் ஊர் வேர்வையில் அதன் கஞ்சி கரைந்து மதியத்துக்குள் தொங்கிவிடும். நெட் துணியை இரண்டாக மடித்துப் பட்டையாக வைத்தால் போதும்.

துணி எடுக்கும்போது புடவையின் நிறத்துக்கு அச்சாகப் பொருந்துவதைத் தேடாதீர்கள். ஐம்பது வருஷப் பட்டு மங்கி ஒரு பதம் வந்திருக்கும், பக்கத்தில் புதுப் பட்டு பளீரென்று தனியாகத் தெரியும். கரையின் நிறத்தில், மினுமினுப்பு குறைந்த துணியாக ஒரு மீட்டர் எடுங்கள். புதுச்சேரி நேரு வீதியோ, கடலூர் என்றால் திருப்பாதிரிப்புலியூர் கடைகளோ, எங்கே போனாலும் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் புடவையோடு வைத்துப் பாருங்கள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அரக்கும் கத்தரிப்பூவும் ஒன்றாகத்தான் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஆரி வேலைக்கு ஆயிரக்கணக்கில் வாய் பேசாமல் எடுத்து வைப்பவர்கள், வெட்டித் தைக்கும் கூலியில் ஐம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறார்கள். மேலே சொன்ன, வாயில் சேர்த்துத் தைக்கும் இரண்டு அடுக்கு மேல்பகுதியில் மிஷினைத் தொடுவதற்கு முன் கையால் ஓட்டும் நூலுக்கே பாதி நாள் போகும். கூலி அதிகம் கேட்டால் ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள், உடனே அடுத்த கடைக்கு நடக்காதீர்கள்.

கவுன்தான் வேண்டும், பட்டுதான் என்று கட்டாயமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சந்தையில் பெரிய பூப்போட்ட பழைய நைலக்ஸ் (நைலான் புடவை), பூனம் கண்ணில் பட்டால் எடுங்கள். கரை பெரிதாக இல்லாததால் வட்ட வெட்டுக்கு அதுதான் சரி. வெட்டியதும் ஒரு நாள் தொங்கவிட்டு, சாய்வு இழையில் இறங்கிய நீளத்தைத் தரையிலிருந்து அளந்து சமன் செய்த பிறகு விளிம்பு அடியுங்கள். இஸ்திரிச் சூடு குறைந்தபட்சம் போதும், கூடினால் உருகி ஒட்டிக்கொள்ளும். குத்துவிளக்குப் பக்கம் அதோடு போகவே வேண்டாம். ஆன்லைனில் விண்டேஜ் என்று போட்டு விற்பதில் புதுப் பாலியஸ்டரும் கலந்து வருகிறது. உள்தையலின் படம் கேளுங்கள். தையல் பிரித்த பழைய ஊசித் துளைகள், தையலுக்குள் மறைந்த துணி வெளுக்காமல் அடர்த்தியாக இருப்பது, இந்த இரண்டும் தெரிந்தால் துணி உண்மையிலேயே உடுத்திப் பழசானது.

வைட் டவுன் மஞ்சள் சுவருக்கு உங்கள் அரக்கு நிறம் எடுப்பாக நிற்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ரவிக்கைக்குப் பித்தளைக் கொக்கி வாங்கிக் கொடுங்கள், இரும்பு நம் உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும். டெய்லரிடம் முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அதைப் போட்டபடி கையைத் தலைக்கு மேல் தூக்கி, முன்னால் நீட்டி, உட்கார்ந்து எழுந்து, எங்கே பிடிக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுத் திருத்திய பிறகு நல்ல துணியில் கத்தரி வைக்கச் சொல்லுங்கள்.