பழுப்புக் கடற்பாசி விழித்திரையைக் காக்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பழுப்புக் கடற்பாசியில் கண்ணைக் காக்கும் பொருள் இருப்பதாகப் படித்தேன். அது என்ன, கண்ணில் எங்கே வேலை செய்கிறது?

பதில்: பெரும்பாலும் பேசப்படுவது ஃபுகோய்டான் என்னும் சல்பேட் கலந்த கூட்டுச் சர்க்கரை. பழுப்புப் பாசியைக் கையில் எடுத்தால் உணரும் வழுவழுப்புக்குக் காரணமான பொருள்களில் இதுவும் ஒன்று. 1913-இல் சுவீடனைச் சேர்ந்த ஹரால்ட் கைலின் இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். கண் ஆய்வாளர்களின் பார்வை இதன்மேல் திரும்பியது மிகப் பிற்காலத்தில்தான்.

அவர்கள் காக்க விரும்புவது, விழித்திரையின் ஒளியுணர் செல்களுக்குப் பின்னால் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் நிறமி எபிதீலியச் செல்களை. நுண்ணோக்கியில் பார்த்தால் அறுகோணக் கற்களை இடைவெளியின்றிப் பதித்த தளம்போல் அவை தெரியும். ஒவ்வொரு கல்லுக்குள்ளும் கரும்பழுப்பு மணிகள் நிறைந்திருக்கும். ஒளியுணர் செல்கள் நாள்தோறும் தம் நுனிப்பகுதியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை உதிர்க்கின்றன. அந்தக் கழிவை விழுங்கிச் செரிப்பது இந்தச் செல்களின் வேலை. இறந்தவற்றுக்கு ஈடாகப் புதியவை பெருகுவது அரிது என்பதால், ஒரே செல் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருக்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தமும் கழிவுத் தேக்கமும் அவற்றை மெல்லமெல்ல நலிவுறச் செய்வதே விழித்திரையின் நடுவே கூர்மையான பார்வை தரும் மாகுலா என்னும் சிறு பகுதி முதுமையில் சிதைவதற்கு, அதாவது மாகுலா சிதைவுக்கு, ஒரு முக்கியக் காரணம். அடுக்கு மெலிந்து அழிவது உலர் வகை. விஇஜிஎஃப் என்னும் வளர்ச்சிப் புரதத்தின் தூண்டலால் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிவது ஈர வகை. ஆய்வகத்தில் ஃபுகோய்டான் ஆக்சிஜனேற்றச் சேதத்தையும் விஇஜிஎஃப் சுரப்பையும் குறைத்துக் காட்டியிருப்பதால்தான் இவ்வளவு எதிர்பார்ப்பு எழுந்திருக்கிறது.

கேள்வி: ஆய்வில் செல்களைக் காக்கிறது என்றால், ஏன் இன்னும் மருந்தாக வரவில்லை?

பதில்: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. ஆய்வகத்தில் நடப்பது என்னவென்று பாருங்கள். கண்ணாடித் தட்டில் வளரும் செல்களின்மேல் முதலில் ஃபுகோய்டானைச் சேர்ப்பார்கள்; பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒன்றை ஊற்றி, எத்தனை செல்கள் உயிரோடு மிஞ்சுகின்றன என்று அளப்பார்கள். கண்ணுக்குள் பல ஆண்டுகளில் நடக்கும் நலிவை இங்கே ஒரே நாளில் வரவழைக்கிறார்கள். இத்தகைய சோதனைகளில் மிகுதியாகப் பயன்படும் ஏஆர்பிஇ-19 என்னும் செல் வரிசை, 19 வயது இளைஞர் ஒருவரின் கண்ணிலிருந்து பெறப்பட்டது. பலமுறை வளர்த்தெடுக்கப்பட்டதில் தன் நிறமியைப் பெரிதும் இழந்துவிட்டது. எழுபது வயதுக் கண்ணின் செல்லும் அதுவும் ஒன்றல்ல. எலியிலும் சோதிக்கிறார்கள், ஆனால் எலிக்கு மாகுலாவே கிடையாது.

அடுத்த தடை, பொருள் கண்ணைச் சென்றடைவது. ஃபுகோய்டான் மூலக்கூறு மிகப் பெரியது. வாய்வழி உட்கொண்டால் குடலில் உறிஞ்சப்படுவது சொற்பம். உறிஞ்சப்பட்டதும் இரத்தத்திலிருந்து விழித்திரைக்குள் புகக் கண்ணின் தடுப்பரண்களைக் கடந்தாக வேண்டும். தட்டில் செல்களைக் காத்த செறிவு கண்ணுக்குள் உண்டாகும் என்று கருத எந்த ஆதாரமும் இல்லை. மருந்தாக வருமானால் அது மாத்திரையாக இராது, கண்ணுக்குள் செலுத்தும் ஊசியாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. அதற்கும் தூய்மை, அளவு, நச்சுத்தன்மை ஆகியவை முறைப்படி மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

கேள்வி: எந்தப் பாசியிலிருந்து எடுத்தாலும் ஃபுகோய்டான் ஒன்றுதானே?

பதில்: இல்லை. பாசி இனம், அறுவடைப் பருவம், பிரித்தெடுக்கும் முறை ஆகியவற்றுக்கேற்ப மூலக்கூறின் அளவும், சல்பேட் சேர்க்கையும், கிளைகளின் அமைப்பும் மாறுகின்றன. அவற்றோடு விளைவும் மாறுகிறது. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகக் கண் ஆய்வாளர்கள் பல இனங்களை ஒப்பிட்டபோது, சாக்கரினா லாடிசிமா என்னும் பாசியின் சாறு நம்பிக்கை தந்தது. லாமினேரியா ஹைபர்போரியாவின் ஃபுகோய்டானில் பெரிய மூலக்கூறுகள் கொண்ட பகுதிகளே கூடுதலாகச் செயல்பட்டன. ஃபியூகஸ் இனம் ஒன்றின் கச்சாச் சாறோ விஇஜிஎஃபைக் குறைத்ததோடு, செல்கள் கழிவை விழுங்கும் திறனையும் குறைத்துவிட்டது. காக்க வேண்டிய செல்லின் அன்றாட வேலையையே தடுக்கும் பொருளை எப்படிப் பாதுகாப்பு என்பது? அதனால்தான் ‘ஃபுகோய்டான்’ என்று மட்டும் அச்சிட்ட புட்டியை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்கிறேன்.

கேள்வி: ஃபுகோசாந்தினும் லூட்டினும் ஒன்றா?

பதில்: இரண்டும் கரோட்டினாய்டு என்னும் இயற்கை நிறமிக் குடும்பம், அத்தோடு ஒற்றுமை முடிந்தது. பாசிக்குப் பழுப்பு நிறம் தருவது ஃபுகோசாந்தின். மாகுலாவில் இயல்பாகச் சேர்ந்திருப்பவை லூட்டின், ஸியாசாந்தின், மீசோ-ஸியாசாந்தின் ஆகிய மூன்றே. மாகுலா சிதைவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஏரெட்ஸ்-2 என்னும் ஆய்வில் சோதிக்கப்பட்டவை லூட்டின் 10 மில்லிகிராம், ஸியாசாந்தின் 2 மில்லிகிராம். வைட்டமின் சி, இ, துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றோடு சேர்ந்த அந்தக் கலவையும் நோயின் இடைநிலையில் இருப்பவர்களுக்கு அது முற்றுவதைத் தாமதப்படுத்தத்தான் பரிந்துரைக்கப்படுகிறது, நோயே இல்லாதவர்களுக்கு அல்ல.

கேள்வி: கண்புரைக்கு உதவுமா?

பதில்: கண்புரை வில்லையில் வருவது, அதற்கு அறுவைச் சிகிச்சைதான் வழி.

கேள்வி: எனக்குத் தைராய்டு பிரச்சினை உண்டு, இரத்தம் உறையாமலிருக்க மருந்தும் எடுக்கிறேன். கடற்பாசி மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். வயது வந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். லாமினேரியா வகைப் பாசிகள் சிலவற்றில் உலர்ந்த ஒரே ஒரு கிராமில் 1000 மைக்ரோகிராமுக்கும் மேல் இருக்கக்கூடும். தைராய்டு சுரப்பியைத் தாறுமாறாக்க அது போதும். மேலும், ஃபுகோய்டானுக்கு ஹெபாரினைப் போல இரத்தம் உறைவதைத் தடுக்கும் இயல்பு உண்டு. வார்ஃபரின் போன்ற மருந்தோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு அபாயம் கூடலாம். ஹிஜிகி என்ற பாசியில் கனிம ஆர்செனிக் மிகுதி என்பதால் அதை உண்ண வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை அறிவுறுத்தியிருக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு ஈர வகை மாகுலா சிதைவு. ஊசிக்குப் பயப்படுகிறார். அதை நிறுத்திவிட்டு ஃபுகோய்டான் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் போன்ற ஊசி மருந்துகள் விஇஜிஎஃபைத் தடுத்து, முன்பெல்லாம் பறிபோயிருக்கும் பார்வையை இன்று பலருக்கும் காத்துத் தருகின்றன. ஊசியைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் கசிவு தொடரக்கூடும். தழும்பாகிப்போன இடத்தில் பார்வையை மீட்க வழியில்லை. அம்மாவின் பயத்தை அவருடைய மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கண்ணை மரத்துப்போகச் செய்த பிறகே ஊசி போடுகிறார்கள், அதுவும் சில நொடிகளில் முடிந்துவிடும் என்பதை அவர் வாயாலேயே கேட்டால் அம்மாவுக்குத் தைரியம் வரும். வீட்டில் நடுவே புள்ளி வைத்த கட்டம்போட்ட தாளொன்றைச் சுவரில் ஒட்டி, படிக்கும் கண்ணாடியை அணிந்துகொண்டு ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நடுப்புள்ளியை நாள்தோறும் பார்க்கச் சொல்லுங்கள். நேர்க்கோடு நெளிந்தாலோ, நடுவில் கருந்திட்டு தெரிந்தாலோ, அடுத்த முறைக்கென்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.