வரி கட்டும் கடைக்காரருக்கு வாக்கு உண்டா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைவீதியில், வாடகைக் கட்டடத்தில் இருபது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறேன். லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) அடைத்துக்கொண்டால் நாங்களே ஆள் வைத்து அள்ளுகிறோம். ஆனால் எல்லாரும் பணம் போடுவதில்லை. டொரொண்டோவில் கடைக்காரர்களே வாரியம் அமைத்து, கட்டாயக் கட்டணத்தில் தெருவைப் பராமரிக்கிறார்கள் என்கிறாள் என் மகள். அந்த வாரியத்தை யார் நடத்துகிறார்கள்? வாடகைக்காரருக்கு அதில் இடம் உண்டா? நம் ஊருக்கு அது ஒத்துவருமா?
– மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் மகள் சொல்வது உண்மைதான். இத்தகைய வணிக மேம்பாட்டு வட்டாரம் உலகிலேயே முதன்முதலாக 1970இல் டொரொண்டோவின் புளோர் வெஸ்ட் வில்லேஜில் அமைந்தது. சுரங்க ரயில் வந்ததும் தெருவில் நடந்தவர்கள் பூமிக்கடியில் போய்விட்டார்கள். பேரங்காடிகளும் வாடிக்கையாளரை இழுத்தன. விரும்பியவர் மட்டும் பணம் போட்டால், போடாதவரும் அதே துப்புரவான தெருவில் வியாபாரம் செய்வார் என்ற உங்கள் வருத்தம்தான் அவர்களுக்கும் இருந்தது. எல்லைக்குள் உள்ள அனைவரும் கட்டியாக வேண்டும் என்பதற்குச் சட்டம் தேவைப்பட்டது அதனால்தான்.

ஒண்டாரியோ மாநிலச் சட்டப்படி வாரியத்தை அமைப்பது நகராட்சி மன்றம். உறுப்பினர்கள் வாக்களித்து நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க, மன்றம் அவர்களை நியமிக்கிறது. மன்றம் நேரடியாக அனுப்பும் ஒருவராவது அவர்களுடன் அமர்கிறார். நிலச் சொந்தக்காரர் மட்டுமல்லாமல், சொத்து வரியின் முழுமையையோ ஒரு பகுதியையோ சுமக்கும் வாடகைக் கடைக்காரரும் உறுப்பினரே. எத்தனை கட்டடம் வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. வரவுசெலவுத் திட்டத்தை வாரியம் முதலில் உறுப்பினர் கூட்டத்தில் வைத்து, பிறகு மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். மன்றம் அதில் எதையும் குறைக்கலாம், கூட்ட முடியாது. கட்டணத்தை வசூலிப்பதும் மன்றம்தான்; தணிக்கை செய்த கணக்கை வாரியம் ஆண்டுதோறும் அதற்குக் காட்டியாக வேண்டும்.

எல்லா ஊரிலும் இந்த நியாயம் இல்லை. நியூயார்க்கில் வாரியத்தின் பெரும்பான்மை இடங்கள் சொத்துக்காரர்களுக்கே உரியவை. கிராண்ட் சென்ட்ரல் வட்டாரத்தில் குடியிருப்போருக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது; அது தங்கள் வாக்குரிமையைக் குறைக்கிறது என்று தொடுத்த வழக்கை 1998இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், வாக்களித்த வணிகர்களின் எண்ணிக்கையிலும் அவர்களுடைய கடைகளின் வரிமதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும் என்கிறது. அதுவும் ஐந்தாண்டுக்கு மேல் செல்லாது, தொடர வேண்டுமானால் மறுபடி வாக்கெடுப்பு. பெரிய கடைகள் சிறியவற்றை விழுங்கிவிடாமலும், சிறியவை பெரியவற்றின் பணத்தைக் கேளாமல் செலவிடாமலும் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, மாநில அரசின் ஒப்புதலோடு வரி விதிக்கும் அதிகாரம் ஊராட்சி மன்றத்துக்கே உரியது. உங்கள் ஊருக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். அதன் உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் மீட்கப்படவில்லை. ஆகவே கடைக்காரர் சங்கம் சந்தா வாங்கலாமே தவிர, கட்டாயப்படுத்த முடியாது.

சென்ற மாதம், சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, ஒரு தோட்டப்புற ஊரின் கடைவரிசையில் நடந்தேன். ஒரு கடையின் ஐந்தடி, அதாவது கடைமுன் கூரையிட்ட நடைபாதை, கழுவித் துடைத்திருந்தது. பக்கத்துக் கடையில் படி ஒரு முழம் உயர்ந்து, அரிசி மூட்டைகள் வழியை மறித்திருந்தன. இரண்டு கையிலும் பையோடு வந்த பாட்டி ஒருவர் லாரி போகும் சாலையில் இறங்கித்தான் அடுத்த கடைக்கு ஏறினார். இத்தகைய காரியம் தனித்தனிக் கடையால் ஆகாது.

முதலில் சங்கப் பதிவிலாகாவில் பதிவு செய்த சங்கமாக இணையுங்கள். விதிமுறையிலேயே வாடகைக்காரருக்கு முழு வாக்குரிமையையும் ஒரு கடைக்கு ஒரு வாக்கையும் எழுதிவையுங்கள். மாதக் கணக்கை ஐந்தடித் தூணில் ஒட்டுங்கள். சந்தா கட்டாதவரும் அதை நின்று படிப்பார். ஓராண்டுக் கணக்கு கையில் வந்தபின், உங்கள் வட்டார நகராண்மைக் கழக உறுப்பினரை அழைத்து வந்து லோங்காங்கைக் காட்டி, நீங்கள் செலவிட்டது எவ்வளவு, நகராண்மைக் கழகம் வசூலிக்கும் மதிப்பீட்டு வரியிலிருந்து இந்தத் தெருவுக்கு வந்தது எவ்வளவு என்று எழுத்துமூலம் கேளுங்கள்.