சிங்கப்பூரில் பவர் சிஸ்டம் ஆட்டோமேஷன் இன்ஜினியருக்கு உண்மையில் என்ன வேலை?

புரோகிராம் எழுதுவதா, கேபிள் இழுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே கொஞ்சம்தான். சப்ஸ்டேஷனில் (துணை மின்நிலையத்தில்) ரிலே (பழுதைக் கண்டுபிடித்து மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவி), மீட்டர், கேட்வே (தகவலைத் திரட்டி அனுப்பும் கருவி) எல்லாம் வெவ்வேறு கம்பெனிச் சரக்காக இருக்கும். அவற்றை ஐஇசி 61850 என்ற சர்வதேசத் தகவல்தொடர்பு முறையில் ஒன்றோடொன்று பேசவைத்து, தகவலை ஸ்காடா என்ற கண்காணிப்பு, கட்டுப்பாட்டு அமைப்பின் திரைக்குக் கொண்டுவருவதுதான் முக்கிய வேலை. இங்கே கேபிள்கள் மண்ணுக்கடியில் கிடப்பதால் பழுதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ரிலே பதிவுசெய்த அலைவடிவத்தைத்தான் நம்ப வேண்டும்.

கமிஷனிங்கில்தான், அதாவது கருவிகளைச் சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவரும் கட்டத்தில்தான், உயிரே இருக்கிறது. டெஸ்ட் செட் என்ற சோதனைக் கருவியிலிருந்து ரிலேக்கு ஃபால்ட் கரன்ட் (பழுதானால் பாய்வதுபோன்ற மின்னோட்டம்) செலுத்தி, பிரேக்கர் டிரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்கிறதா, திரையில் சரியான பேனல் பெயரோடு அலாரம் வருகிறதா என்று ஒவ்வொரு சிக்னலாகப் பார்ப்போம், 22 கிலோவோல்ட் பேனலில் அவசரம் ஆகவே ஆகாது. வேலைக்காக மின்சாரத்தை நிறுத்திவைக்கும் ஷட்டவுன் பல நேரம் ராத்திரியில்தான் கிடைக்கும். அப்புறம், பழுதிலிருந்து மின்கட்டமைப்பைக் காக்கும் புரொடெக்‌ஷனை முதலில் படியுங்கள், நெட்வொர்க்கிங்கைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.