இரட்டைச் சிம் வேறு, இரட்டை இணைப்பு வேறு

வணக்கம். வேலணையில் உள்ள உங்கள் வீட்டில் இரு நிறுவனங்களின் சிம்களைப் போட்டும் இணைய வேகம் கூடவில்லை, மின்கலம் மட்டும் விரைவாக இறங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பழுதன்று. பெரும்பாலான இரட்டைச் சிம் தொலைபேசிகளில் தரவு ஒரு சிம்மின் வழியாகவே செல்கிறது. மற்றையது அழைப்புக்காகக் காத்திருந்து மின்னைச் செலவழிக்கிறது.

இரட்டை இணைப்பு, அதாவது இரு கோபுரங்களோடு ஒரே நேரத்தில் இணைவது, ஒரே சிம்மில், ஒரே நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நிகழ்வது. கைபேசி வலையமைப்புகளுக்கான தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு அதைத் தனது தரங்களின் 12ஆவது வெளியீட்டில் 4ஜிக்கு வகுத்து, 15ஆவது வெளியீட்டில் 4ஜி, 5ஜி நிலையங்களைச் சேர்த்து இயக்கும்படி விரித்தது. முதன்மை நிலையம் கட்டுப்பாட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ள, துணை நிலையம் தன் அலைவரிசையில் மேலதிகத் தரவை அனுப்புகிறது. இரு வழியாகவும் பிரிந்து வரும் தரவுப் பொதிகளைத் தொலைபேசி மீண்டும் வரிசைப்படுத்துகிறது. துணை நிலையத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதை, தொலைபேசி அனுப்பும் அலை அளவீடுகளைப் பார்த்து வலையமைப்பே தீர்மானிக்கும். வேகம் கூட்டுவதாகச் சொல்லும் செயலிகள் எதை வாக்களித்தாலும், அதைக் கட்டாயப்படுத்தும் பொத்தான் உங்களிடம் இல்லை.

ஆகவே, வீட்டுக்குள் அலை வலுவாகக் கிடைக்கும் சிம்மைத் தரவுக்கு வைத்து, மற்றையதைச் சில நாள் முடக்கிப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால், வெளி அன்ரெனா பொருத்தக்கூடிய 4ஜி ரவுட்டர் ஒன்றே இரண்டாவது சிம்மைவிடப் பயன் தரும்.