பனிக்கட்டிப் பாதையில் பண்டிகை ஓட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் நெருங்கிவிட்டால், கிறிஸ்துமஸ் தாத்தா உடையணிந்து நன்கொடை திரட்டுவதற்காக ஓடும் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் ஓட்டங்களைப் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இவற்றில் கலந்துகொள்பவர்களில் பலர் ஆண்டில் இந்த ஒரு நாள் மட்டுமே ஓடுபவர்கள் என்பதை மனத்தில் வைத்தே கீழ்க்கண்ட பதில்களை எழுதியிருக்கிறேன். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்குச் சில இடங்கள் மிகையான எச்சரிக்கையாகத் தோன்றலாம். அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வெப்பநிலை எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் 5 கிலோமீட்டர் ஓட்டத்தை ரத்து செய்ய வேண்டும்? எங்கள் குழுவில் ஆளுக்கோர் எண்ணைச் சொல்கிறார்கள்.

பதில்: அதில் வியப்பில்லை, வெப்பமானி காட்டும் எண் மட்டும் இந்த முடிவுக்குப் போதாது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டிகளுக்கு மைனஸ் 20 டிகிரி செல்சியஸை எல்லையாக வைத்திருக்கிறது. பாதையின் மிகக் குளிர்ந்த இடத்தில் வெப்பநிலை அதற்கும் கீழே இறங்கினால், போட்டி தள்ளிவைக்கப்படும் அல்லது கைவிடப்படும். ஆனால் அது, குளிருக்கென்றே தைத்த ஆடையணிந்து, ஆண்டு முழுவதும் பயிற்சி எடுத்தவர்களுக்கான எல்லை. உங்கள் ஓட்டத்தில் பாட்டியும் பேரனும் கைகோத்து நடந்து வருவார்கள். அவர்களுக்காக அந்த எண்ணைக் கடன் வாங்கக் கூடாது.

முதலில் காற்றைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடப்படாத தோல் இழக்கும் வெப்பம் மைனஸ் 20 டிகிரியில் இழப்பதற்குச் சமமாகிவிடுகிறது. காற்றோடு சேர்ந்த இந்தக் குளிர் மைனஸ் 28 டிகிரியை நெருங்கும்போது, மூக்கு, காது, கன்னம் போன்ற இடங்களில் அரை மணி நேரத்துக்குள் பனிக்கடி (தோலும் அதன் கீழுள்ள சதையும் உறைந்து கெடுவது) ஏற்படலாம். 5 கிலோமீட்டரை நடந்து கடப்பவருக்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். எனவே பொதுமக்கள் கலந்துகொள்ளும் ஓட்டத்தில், காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 15 டிகிரியானால் தூரத்தைக் குறைப்பதும், மைனஸ் 20 டிகிரியானால் ஓட்டத்தையே நிறுத்துவதும் நான் பரிந்துரைக்கும் அளவுகள். இது விதிநூலில் உள்ளதன்று; என் சொந்தக் கணிப்பு.

ஆனால், ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஆபத்து இதைவிட மிதமான குளிரில் இருக்கிறது. வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரியில் நிற்க, மழையோ ஈரப்பனியோ பலத்த காற்றுடன் சேர்ந்து பெய்யும் நாளைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆடை நனைந்துவிட்டால் அது காக்கும் போர்வையாக இல்லாமல் வெப்பத்தை உறிஞ்சும் பொருளாகிவிடுகிறது. 2021ஆம் ஆண்டு மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் திடீரென ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் தாக்கியபோது 21 ஓட்டக்காரர்கள் உயிரிழந்தார்கள். அது குளிர்காலம் அன்று. இறந்தவர்களில் கைதேர்ந்த வீரர்களும் இருந்தார்கள். பண்டிகை ஓட்டத்தை அந்த மலையோட்டத்துடன் ஒப்பிடுவது பொருந்தாதுதான். ஆனாலும் வெயிலடிக்கும் மைனஸ் 8 டிகிரி நாளில் ஓட்டத்தை நடத்தத் தயங்காத நான், காற்றும் ஈரமும் கலந்த 2 டிகிரி நாளில் தயங்குவேன்.

இந்த எல்லைகளைப் பல வாரங்களுக்கு முன்பே எழுத்தில் வைத்துவிடுங்கள். முந்தைய நாள் மாலையும், ஓட்டம் தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பும் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்க ஒரே ஒருவரை நியமியுங்கள். அவர் நன்கொடைக் கணக்கைப் பார்ப்பவராக இல்லாமலிருப்பது நல்லது.

கேள்வி: பாதையில் உப்பு தூவினால் போதுமா, மணலும் வேண்டுமா?

பதில்: இரண்டும் செய்யும் வேலை வேறு. உப்பு தண்ணீரின் உறைநிலையைத் தாழ்த்திப் பனிக்கட்டியை உருக்குகிறது. மணல் எதையும் உருக்காது, காலுக்குப் பிடிப்பைத் தருகிறது. சாதாரண உப்பு மைனஸ் 9 அல்லது 10 டிகிரி வரைதான் பயன்தரும் வேகத்தில் வேலை செய்யும். அதற்கும் கீழே மணலையோ பொடிக்கல்லையோ நம்புவதே சரி. உப்பால் உருகிய தண்ணீர் வழிந்தோட இடமில்லாமல் தேங்கினால், உப்பு நீர்த்துப்போய், இரவில் அதே தண்ணீர் கண்ணாடிபோல மீண்டும் உறைந்துவிடும் என்பதால், முந்தைய நாள் தூவியதை நம்பி மறுநாள் காலையில் பாதையைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

பனிக்கட்டி பாதை முழுவதும் ஒரே சீராகப் படிவதில்லை. பாலங்களில் மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் அவை சாலைக்கு முன்பே உறைகின்றன. கட்டடங்களின் நிழல் விழும் பகுதி, குழாய் கசியும் இடம், இரும்பு மூடிகள், சாலையில் வண்ணம் பூசிய கோடுகள், இறக்கத்தின் அடியில் வரும் திருப்பம் ஆகியவை வழக்கமான சறுக்குமிடங்கள். நிறமின்றித் தார்ச்சாலையின் கறுப்பையே காட்டும் மெல்லிய பனி ஏடு இந்த இடங்களில்தான் ஒளிந்திருக்கும். ஆகவே ஓட்டத்துக்கு முந்தைய நாள், ஓட்டம் நடக்கவிருக்கும் அதே நேரத்தில் பாதை முழுவதையும் நடந்து பாருங்கள்; நண்பகலில் காரில் சுற்றி வருவதால் பயனில்லை.

தண்ணீர் தரும் மேசையையும் மறக்க வேண்டாம். ஓடிக்கொண்டே குடிப்பவர்கள் பாதி கோப்பையைத் தரையில்தான் ஊற்றுவார்கள். அரை மணி நேரத்தில் அந்த இடம் சறுக்கு மைதானமாகிவிடும். மேசையைத் திருப்பத்திலோ இறக்கத்திலோ வைக்காமல், சரளை பரப்பிய சமதளத்தில் வைத்து, அங்கே ஒருவரை மணல் வாளியுடன் நிறுத்துங்கள்.

பாதையை இனிமேல்தான் தீர்மானிக்கப் போகிறீர்கள் என்றால், 5 கிலோமீட்டரை ஒரே நீளமாக வைக்காமல் 1 கிலோமீட்டர் வட்டத்தை ஐந்து முறை சுற்றுவதாக வையுங்கள். அப்போது ஒரு கிலோமீட்டருக்கு மட்டுமே உப்பும் மணலும் போட வேண்டியிருக்கும். யாரும் கதகதப்பான அறையிலிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போகமாட்டார்கள். களைத்தவர் எந்தச் சுற்றிலும் கூச்சமின்றி விலகிக்கொள்ளலாம். பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் பாதைதான். ஆனால் நூற்றுக்கணக்கான தாத்தாக்கள் எதிரெதிரே கையசைத்துக்கொண்டு ஓடும்போது சலிப்பு யாருக்கும் தெரிவதில்லை.

கேள்வி: கிறிஸ்துமஸ் தாத்தா உடைக்குள் என்ன அணிய வேண்டும்? சென்ற ஆண்டு முதல் கிலோமீட்டரிலேயே வியர்த்துக் குளித்துவிட்டேன்.

பதில்: உள்ளே அதிகமாக அணிந்திருப்பீர்கள். நடக்கும்போது உடல் ஓய்வுநிலையைப்போல மூன்று நான்கு மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. ஓடும்போது அது பத்து மடங்கை நெருங்குகிறது. வெளியே இருப்பதைவிட 10 டிகிரி வரை கூடுதலாக இருப்பதாக எண்ணி உடுத்துங்கள். தொடக்கக் கோட்டில் சற்று நடுங்கினால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். விலை மலிவான தாத்தா உடை பெரும்பாலும் அடர்ந்த பாலியஸ்டர் துணி. காற்று எளிதில் புகாது. அதன் உள்ளே வியர்வையை வெளியே கடத்தும் ஒரே ஒரு மெல்லிய ஓட்டச் சட்டை பெரும்பாலான நாள்களில் போதும். பருத்திப் பனியன் வேண்டாம். அது நனைந்தபின் எளிதில் காயாது.

ஒட்டுத் தாடி மூச்சின் ஈரத்தைப் பிடித்து உறைந்து, முகத்தில் பனிக்கட்டியை ஒட்டிவைத்ததுபோல் ஆகிவிடும் என்பதால், அதைக் கீழே இறக்கிக் கழுத்தில் விட்டுக்கொண்டு, முடிவுக் கோட்டுக்கு முன்பு படத்துக்காக ஏற்றிக்கொள்ளுங்கள். கால்சட்டையின் நீளத்தை ஊசிநூலால் மடித்துத் தைத்துவிடுங்கள். பனிக்கட்டியில் வழுக்கி விழுபவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தம் கால்சட்டையையே மிதித்து விழுந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆணி பதித்த காலணி வாங்க வேண்டுமா?

பதில்: பாதை முழுவதும் பனிக்கட்டியாகவோ இறுகிய வெண்பனியாகவோ இருந்தால் மட்டும் அது உதவும். பாதி வெறும் தார்ச்சாலை என்றால், ஆணிகளே வழுக்கும், முழங்காலும் வலிக்கும். ஆழ்ந்த பள்ளங்கள் கொண்ட மண்பாதைக் காலணி நடுத்தரமான தீர்வு. காலணியைவிட முக்கியமானது நடை: அடியைக் குறுக்கி, பாதத்தை உடலுக்கு நேர் கீழே வைத்து, திருப்பத்தில் ஓடாமல் நடந்து திரும்புங்கள்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா உண்டு. குளிர்காற்றை இழுத்தால் நுரையீரல் உறைந்துவிடும் என்கிறார்களே?

பதில்: உறையாது. உள்ளிழுக்கும் காற்று நுரையீரலை அடைவதற்குள் மூக்கும் மூச்சுக்குழலும் அதைச் சூடாக்கி ஈரமாக்கிவிடுகின்றன. ஆனால் அந்த ஈரம் மூச்சுக்குழலின் சுவரிலிருந்தே எடுக்கப்படுவதால், வறண்ட குளிர்காற்றை வேகமாக இழுக்கும்போது சுவர் உலர்ந்து, குழல் சுருங்கி, இருமலும் இளைப்பும் வருகின்றன. மெல்லிய துணியால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டால் நீங்கள் விடும் மூச்சின் ஈரமே திரும்ப வந்து உதவும். பத்துப் பதினைந்து நிமிடங்கள் மெதுவாக உடலைச் சூடாக்கியபின் ஓடுங்கள். ஓடுவதற்கு முன் இன்ஹேலர் எடுக்கும்படி உங்கள் மருத்துவர் சொல்லியிருந்தால், வழக்கமாகச் சுமார் 15 நிமிடங்களுக்கு முன் எடுக்க வேண்டியிருக்கும். அதை உடலையொட்டிய உட்பையில் வையுங்கள்; வெளிப்பையில் குளிர்ந்துபோன இன்ஹேலர் சரியாகப் பீய்ச்சாது. இதய நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்களும் இந்தக் கேள்வியைத் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும், ஏனெனில் குளிர் இரத்த நாளங்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓடலாமா?

பதில்: பனிக்கட்டி இருக்கும் நாளில் வேண்டாம். நீங்கள் வியர்க்கும்போது குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. எடைக்கு ஒப்பிடும்போது அதன் தோலின் பரப்பு அதிகம் என்பதால் பெரியவர்களைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும். உங்கள் உடல் சொல்வதை வைத்து அதன் நிலையை மதிப்பிட முடியாது.

கேள்வி: திருப்பங்களில் நிற்கும் தன்னார்வலர்களுக்கு ஒளிரும் மேற்சட்டையும் தேநீரும் தருகிறோம். வேறு என்ன வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். ஓடுபவரின் உடல் தானே ஓர் அடுப்பு. ஓட்டத்தன்று குளிரில் அதிகம் துன்பப்படுபவர், மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் கொடியுடன் நிற்பவர்தான். தரை காலணி வழியாக வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், நின்றுகொள்ள ஒரு தடித்த ரப்பர் விரிப்போ அட்டையோ கொடுங்கள்; அந்த ஒரு பொருளுக்காக அவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். நாற்பது நிமிடங்களுக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். இருவர் இருவராக நிறுத்துங்கள். ஒருவருக்குப் பேச்சு குழறுவதையும், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் தடுமாறுவதையும் பக்கத்தில் நிற்பவர்தான் கண்டுபிடிக்க முடியும். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கியவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார். நடுங்கிக்கொண்டிருந்தவர் கதகதப்பு அடையாமலேயே நடுங்குவதை நிறுத்திவிட்டால், அது தேறியதன் அறிகுறியன்று. உடனே மருத்துவ உதவியை அழையுங்கள்.

கடைசியாக நடந்து வருபவருக்குப் பின்னால் ஒரு தன்னார்வலர் வர வேண்டும் என்பதையும், அவர் கடந்து சென்ற பிறகே மற்றவர்கள் இடத்தைவிட்டு நகர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: முடிவுக் கோட்டில் சூடான மதுவும் வெள்ளித்தாள் போர்வையும் தருவது எங்கள் வழக்கம். தொடரலாமா?

பதில்: மதுவை உலர்ந்த ஆடை மாற்றி, உள்ளே உட்கார்ந்த பிறகு கொடுங்கள். மது தோலின் இரத்த நாளங்களை விரித்துச் சூடாக இருப்பதான உணர்வைத் தருகிறது. உண்மையில் உடலின் உள்வெப்பம் அந்த வழியாகவே வெளியேறுகிறது. வெள்ளித்தாள் போர்வை காற்றைத் தடுக்கும் என்பது சரிதான். ஆனால் நனைந்த சட்டையின்மேல் அதைப் போர்த்துவதில் பயன் குறைவு. ஆடை மாற்றும் அறை முடிவுக் கோட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தால், அந்த ஐந்து நிமிடங்களில்தான் நடுக்கம் தொடங்கும். அறையை அருகில் கொண்டுவருவது இரண்டைவிடவும் மேலானது.

கேள்வி: கடைசி நேரத்தில் ரத்து செய்தால் நன்கொடையாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களே?

பதில்: பதிவுப் படிவத்திலேயே தெளிவாக எழுதியிருந்தால் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். நுழைவுக் கட்டணம் எதற்குச் செலவாகிறது, ஓட்டம் நடக்காவிட்டால் மீதி எங்கே போகும், தள்ளிவைத்தால் பதிவு செல்லுமா என்ற மூன்றையும் இரண்டு வரிகளில் சொல்லிவிடுங்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்களித்தவர்களுக்காக, அடுத்த இரு வாரங்களுக்குள் அவரவர் வசதியான இடத்தில் அதே தூரத்தை ஓடியோ நடந்தோ முடித்துத் தெரிவிக்கலாம் என்று ஒரு மாற்று ஏற்பாட்டை வையுங்கள். ரத்துச் செய்தியை ஓட்டக்காரர்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். அவர்களை வழுக்கும் சாலையில் வண்டியோட்டி வரவழைத்துவிட்டு ஓட்டம் இல்லை என்று சொல்வதில் பொருளில்லை.