98 விழுக்காடு துல்லியம் ஏன் போதாது?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டு புராஜெக்டுக்காக, வீடு புகுந்து திருடும் குற்றம் அடுத்து எங்கே நடக்கும் என்று பழைய தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் கணினி மாடல் செய்தேன். சிகாகோ நகரின் திறந்த தரவில் 98 விழுக்காடு துல்லியம் வருகிறது. விரிவுரையாளர் ஏற்க மறுக்கிறார். இதைச் சிங்கப்பூருக்கும் செய்யலாமா? (மாணவி, உட்லண்ட்ஸ்)

பதில்: விரிவுரையாளர் சொல்வதுதான் சரி. சிகாகோவின் பரப்பு ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர். 200 மீட்டர் கட்டங்களாக வெட்டினால் 15,000 கட்டம். ஒரு வாரத்தில் 300 கட்டங்களில் திருட்டு நடந்தாலும் மீதி 14,700 காலி. எல்லாவற்றுக்கும் 'நடக்காது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 98 வந்துவிடும்.

அதற்குப் பதில், மாடல் ஆபத்து அதிகம் என்று காட்டும் முதல் 5 விழுக்காட்டுப் பரப்பை எடுங்கள். அடுத்த மாதத் திருட்டுகளில் 30 விழுக்காடு அதற்குள் விழுந்தால், 30ஐ 5ஆல் வகுத்து 6 மதிப்பெண்; கண்ணை மூடிக்கொண்டு இடம் தேர்ந்தெடுப்பதைவிட ஆறு மடங்கு மேல் என்று பொருள். கடந்த 12 மாத எண்ணிக்கையை மட்டும் வைத்து வரைந்த சாதாரண வரைபடத்துக்கும் இதே கணக்கைப் போடுங்கள். பல மாடல்கள் அதைக்கூடத் தாண்டுவதில்லை. தாண்டாவிட்டால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள். அதுவும் நல்ல முடிவுதான்.

தரவைக் குலுக்கிப் போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தீர்களா? அப்படியென்றால் வருங்காலத்தைப் பார்த்துவிட்டுக் கடந்த காலத்தை மாடல் 'கணித்திருக்கும்'. 2022 வரை பயிற்சி, 2023 சோதனை என்று தேதியால் வெட்டுங்கள்.

கட்டங்களை அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகையில் போட்டிருந்தால் மீட்டருக்கு மாற்றுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நமக்கு ஒரு பாகை எந்தத் திசையிலும் சுமார் 111 கிலோமீட்டர். சிகாகோவில் கிழக்கு மேற்காக 83தான். கட்டம் சதுரமாக இராது. நேரத்தையும் நம்பாதீர்கள். வெளியூர் போய்த் திரும்பியவர் எந்த மணிக்குத் திருட்டு நடந்தது என்று எப்படிச் சொல்வார்? வாரக் கணக்கே போதும். ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அக்கம்பக்க வீடுகளுக்கும் சில வாரங்கள் ஆபத்து கூடும். ஆகவே, 200 மீட்டருக்குள் கடைசித் திருட்டு நடந்து எத்தனை நாளாயிற்று என்பதை அவசியம் சேருங்கள்.

சிங்கப்பூருக்கு இதே மாடலைப் பொருத்த முடியாது. அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கிடைப்பது, அக்கம்பக்கக் காவல் நிலைய வாரியாக ஆண்டு எண்ணிக்கை. அதை 200 மீட்டர் கட்டங்களுக்குப் பங்கிட்டால் இல்லாத தகவலை உண்டாக்குகிறீர்கள். முகவரித் தரவே கையில் கிடைத்தாலும் இன்னொரு சிக்கல்: ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கிற்கு ஓர் அஞ்சல் குறியீடு. இரண்டாம் மாடியும் பன்னிரண்டாம் மாடியும் வரைபடத்தில் ஒரே புள்ளி; நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் இருப்பதாலேயே அது ஆபத்தான இடம்போலச் சிவப்பாகும். குற்ற எண்ணிக்கையை வீடுகளின் எண்ணிக்கையால் வகுக்காமல் எந்த வரைபடமும் வெளியிடாதீர்கள். நம்மை இன்று அதிகம் வாட்டும் மோசடிகளோ பெரும்பாலும் தொலைபேசி, இணையம் வழியே வருபவை; அவற்றுக்குக் கட்டமே கிடையாது.

கேள்வி: குற்றம் நடக்கும் இடத்தை மாடல் கொண்டு கணித்துக் காவலரை அனுப்பும் முறையைச் சில அமெரிக்க நகரங்கள் கைவிட்டது ஏன்? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் நகரம் 2020இல் இம்முறைக்குத் தடையே விதித்தது. காரணம், தரவு பதிவாகும் விதம். வீட்டுத் திருட்டைப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்கிறார். போதைப்பொருள் குற்றமோ பெரும்பாலும் காவலர் போகும் இடத்தில்தான் பதிவாகும். அந்தப் பதிவைக் கற்ற மாடல் அதே தெருவைக் காட்டும், காவலர் மீண்டும் அங்கே போவார், பதிவு இன்னும் கூடும். போதைப்பொருள் கைதுத் தரவை இத்தகைய மாடலுக்குக் கொடுக்கவே கூடாது.