குடத்துக்குக் கண் வேண்டாம்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் தண்டையார்பேட்டை நூலகத்தில் நீங்கள் பேசியபோது கடைசி வரிசையில் இருந்தேன். சிறுகதை எழுத வருகிறவர்கள் பிக்ஸார் என்ற அமெரிக்க அனிமேஷன் ஸ்டூடியோவின் குறும்படங்களைப் பார்க்கவேண்டும் என்றீர்கள். வெளியே வந்ததும் என் நண்பர்கள் சிரித்தார்கள். "பொம்மைப் படம்டா, அதுவும் கம்ப்யூட்டர் விக்கறதுக்கு எடுத்த டெமோ" என்றான் ஒருவன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நான் மூன்று வருஷமாக ஒரு ஸ்டூடியோவில் ரோட்டோ வேலை பார்க்கிறேன். ஹீரோ இடுப்பில் கட்டிய கம்பியை ஃப்ரேம் ஃப்ரேமாக அழிப்பதுதான் தொழில். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எங்கள் பெயர் வராது. அதனால் சொந்தமாக ஒரு மூன்று நிமிஷப் படம் எடுக்க ஆசை. காசிமேடு, புயல், கரை திரும்பாத படகு, கரையில் காத்து நிற்கும் ஜனம். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஆரம்பித்தும்விட்டேன். கடலும் நாலு படகும் வைத்து ரெண்டர் போட்டால், அதாவது மாடலைப் படமாக மாற்றச் சொன்னால், என் லேப்டாப்புக்கு ஒரு ஃப்ரேமுக்கு 40 நிமிஷம் ஆகிறது. விட்டுவிடலாமா அண்ணா?

பெயர் போடவேண்டாம்.
கொருக்குப்பேட்டை வாசகர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் மூன்று நிமிஷத்துக்கு 4,320. ஒன்றுக்கு 40 நிமிஷம் வீதம் 2,880 மணி நேரம். 120 நாள். அதுவும் ராத்திரி பகல் பார்க்காமல், நடுவில் கரண்ட் போகாமல், லேப்டாப் மூச்சை நிறுத்தாமல் ஓடினால். ஜனத்தையும் புயலையும் இன்னும் நீங்கள் சேர்க்கவே இல்லை. புயலை விட்டுவிடுங்கள். படத்தை விடவேண்டாம்.

அடுத்தது உங்கள் நண்பர். அவர் சொன்னது சரிதான், சண்டை போடாதீர்கள். அந்தப் படங்கள் டெமோவாகத்தான் பிறந்தன. 1986இல் லூகாஸ்ஃபிலிம் என்ற சினிமாக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவை ஸ்டீவ் ஜாப்ஸ் வாங்கியபோது பிக்ஸார் விற்ற சரக்கு படம் இல்லை, இமேஜ் கம்ப்யூட்டர் என்ற விலையுயர்ந்த இயந்திரம். தங்களால் என்னென்ன முடியும் என்று காட்டத்தான் ஜான் லாசெட்டர் என்ற அனிமேட்டரும் அவரோடு ஒரு சின்னக் கூட்டமும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சிக்ராஃப் என்று வருஷா வருஷம் ஒரு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாடு நடக்கும். அங்கே போட்டுக்காட்ட ஒரு படம் வேண்டும். அவ்வளவுதான் ஆரம்பம்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1984இல், லூகாஸ்ஃபிலிமில் இருந்தபோதே இதே ஆட்கள் ஒரு பையனையும் ஒரு வண்டையும் வைத்து இரண்டு நிமிஷத்துக்கும் குறைவாக ஒரு படம் செய்தார்கள். மாநாட்டுத் தேதி வந்துவிட்டது, படம் முடியவில்லை. சில நொடிகளுக்கு வெறும் கம்பிக்கூடாகவே, வயர்ஃப்ரேமாகவே திரையில் ஓடவிட்டார்கள். பார்த்த பலருக்கு அது கண்ணிலேயே படவில்லை என்று பிக்ஸாரைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் பிற்பாடு எழுதியிருக்கிறார். வந்திருந்தவர்கள் யார்? பூராவும் இந்தத் தொழிலில் ஊறியவர்கள். பிழையைத் தேடிப் பிடிப்பதே வேலையாக இருப்பவர்கள். அவர்கள் கண்ணுக்கே தப்பியிருக்கிறது. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது மேசைவிளக்குக்கு வருகிறேன். 1986இல் வந்த 'லக்சோ ஜூனியர்'. ஒரு பெரிய விளக்கு, ஒரு சின்ன விளக்கு, ஒரு பந்து. சின்னது பந்தின்மேல் ஏறிக் குதிக்கிறது, காற்று போய்ப் பந்து சப்பையாகிறது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போகிறது. போன சுருக்கில் இன்னும் பெரிய பந்தோடு திரும்பி வருகிறது. பெரிய விளக்கு நம்மைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறது. இரண்டே நிமிஷம். காமிரா ஒரு அங்குலம் நகராது. பின்னால் வெறும் இருட்டு, கீழே மரத்தரை. இது கலைத் தீர்மானம் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நேரமும் காசும் இல்லாததால் அப்படி ஆனது என்று பிறகு தெரிந்தது. நம் கதை.

லாசெட்டர் முதலில் விளக்கை ஆட்டி அசைத்துப் பார்த்த சோதனைத் துண்டுகளைத்தான் வைத்திருந்தார். பெல்ஜியத்து அனிமேஷன் இயக்குநர் ராவுல் செர்வே அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு சின்னதானாலும் ஆரம்பம், நடு, முடிவு வேண்டும் என்றாராம். இவ்வளவு துக்கடாவில் கதை எப்படிச் சொல்வது என்று இவர் கேட்க, பத்து நொடியிலும் சொல்லலாம் என்றாராம் அவர். நூலகத்தில் நான் சொல்லவந்தது இதைத்தான். மைக் கரகரத்துக்கொண்டே இருந்ததால் பாதியில் விட்டுவிட்டேன்.

ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். சின்ன விளக்கு, பெரிய விளக்கைச் சுருக்கி வைத்தது இல்லை. கூட வேலை செய்த ஒருவர் தன் கைக்குழந்தையை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தபோது, தலை எவ்வளவு பெரிது, கை கால் எவ்வளவு குட்டை என்று லாசெட்டர் கவனித்திருக்கிறார். அதே கணக்கில் தண்டைக் குட்டையாக்கினார், ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினார். பல்பை மட்டும் தொடவில்லை. அப்பன் விளக்குக்கும் பிள்ளை விளக்குக்கும் ஒரே அளவு பல்பு. ஏனென்றால் பல்பு வளராது, கடையில் வாங்கி மாட்டுவது. இதைப் படித்த அன்று நான் எழுதி வைத்திருந்த ஒரு கதையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அதில் ஒரு சிறுவன் வருவான், அவனிடம் எல்லாமே அப்பாவைவிடச் சின்னதாக இருக்கும்.

மாநாட்டில் படம் முடிந்ததும் ஜிம் பிளின் என்ற பெரிய கிராஃபிக்ஸ் விஞ்ஞானி லாசெட்டரைத் தேடி வந்தார். விளக்கு தன்மேலும் மற்ற விளக்கின்மேலும் நிழல் விழவைக்கும் அந்தக் கணக்குத்தான் அந்தப் படத்தின் புதுச்சரக்கு. அதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று லாசெட்டருக்கு உள்ளுக்குள் உதறல். பிளின் கேட்டது: "பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?"

எல்லாப் படத்துக்கும் இதே அளவுக்கு நான் உருகவில்லை. 1988இல் வந்த 'டின் டாய்' ஆஸ்கர் வாங்கியது. கம்ப்யூட்டரில் செய்த படம் ஒன்று ஆஸ்கர் வாங்கியது அதுதான் முதல் தடவை. தகரப் பொம்மை அருமை. அதைத் துரத்தும் குழந்தை இருக்கிறதே, ராத்திரி கனவில் வரும். தோல், கன்னம், சிரிப்பு எதுவும் அன்றைய கம்ப்யூட்டருக்குக் கைவரவில்லை. எது செய்தாலும் பிளாஸ்டிக் மாதிரியே வந்தது. அப்படியானால் பிளாஸ்டிக்கையே வைத்துப் படம் எடுப்போம் என்று பொம்மைகளை எடுத்துக்கொண்டார்கள், 1995இல் 'டாய் ஸ்டோரி' வந்தது. மனிதத் தோலையும் சட்டைத் துணியையும் ஒழுங்காகச் செய்து பார்க்க 1997 வரை பொறுத்தார்கள். பூங்காவில் ஒரு கிழவர் தனக்கு எதிராகத் தானே செஸ் ஆடும் 'கெரிஸ் கேம்' அப்படி வந்ததுதான். நெஞ்சுவலி வந்தாற்போல நடித்துப் பலகையைத் திருப்பி வைத்துக்கொள்வார், ஜெயித்ததற்குப் பரிசு அவருடைய பல்செட்டே. எங்கள் தெரு கேரம் கிளப்பிலும் ஒருவர் அப்படி இருந்தார், ரெண்டு பக்கத்துக்கும் அவரே போய் உட்கார்ந்து ஸ்ட்ரைக்கரை அடிப்பார். தோற்றால் கோபம் வேறு வரும்.

ஆக, தம்பி, உங்கள் லேப்டாப்புக்கு என்ன வரும்? கடல் வராது, நுரை வராது, நூறு முகம் வராது. பிளாஸ்டிக் வரும். வடசென்னையில் பிளாஸ்டிக்குக்கா பஞ்சம்?

புது வண்ணாரப்பேட்டையில் நான் சின்னப் பையனாக இருந்தபோது தண்ணி லாரி விடிகாலையில் வரும். முதல் நாள் ராத்திரியே குடங்கள் வரிசையில் நிற்கும். மனிதர்கள் தூங்கப் போய்விடுவார்கள், அவர்களுக்குப் பதில் குடம். கழுத்தில் துணிக்கிழிசல் கட்டியது, நெய்ல்பாலிஷில் இனிஷியல் போட்டது. காலிக் குடம் கடற்காற்றுக்கு உருண்டுவிடும் என்று உள்ளே ஒரு கல் போட்டிருப்பார்கள். எங்கள் குடம் பச்சை. கழுத்துக்குக் கீழே விரிசல் விட்டிருந்தது. தெருவில் குடம் ஒட்டிக்கொண்டு வருகிறவர், ஏதோ ஒரு சிவப்புக் குடத்தின் துண்டைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் உருக்கி அதில் அப்பிவிட்டுப் போனார். பச்சை உடம்பில் சிவப்புத் தழும்பு. என் தங்கை அதை வரிசையில் எடுத்துவைக்கும்போது தழும்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாள்.

இதை எடுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் தெருவில் வேறு ஏதாவது இருக்கும், மீன்பாடி வண்டி, ஐஸ்பெட்டி, மாஞ்சா அறுந்து கரண்ட் கம்பியில் தொங்கும் காத்தாடி. ஒன்று மட்டும். எதை எடுத்தாலும் அதற்குக் கண் வைக்காதீர்கள். 2013இல் பிக்ஸாரே 'தி ப்ளூ அம்ப்ரெல்லா' என்று ஒரு படம் செய்தது. மழை அப்படியே நிஜ மழை, குடை அப்படியே நிஜக் குடை, அதன்மேல் போய்க் கண்ணும் வாயும் வரைந்து வைத்தார்கள். எனக்கு அங்கேயே படம் விட்டுப்போயிற்று. விளக்குக்கு முகமே இல்லை. கழுத்தைச் சாய்த்தால் போதும், வெட்கம் தெரிந்தது.

வசனமும் பின்னணிக் குரலும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. சோகத்துக்குப் பியானோவும் வேண்டாம், தயவுசெய்து.

படகும் காசிமேடும்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் அதையும் குற்றம் சொல்லமாட்டேன். 2016இல் 'பைப்பர்' வந்தபோது மகளோடு தியேட்டரில் பார்த்தேன். அலை வந்தால் ஓடி, அலை போனால் திரும்பி வந்து மணலைக் கொத்தும் சின்னப் பறவை. நம் உள்ளான் குருவியேதான். ஸ்டூடியோவுக்குப் பக்கத்து வளைகுடாக் கரையில் அந்தப் பறவைகளைப் பார்த்துக்கொண்டு நின்றதிலிருந்துதான் அதை இயக்கிய ஆலன் பரிலாரோவுக்கு அந்த ஆறு நிமிஷம் கிடைத்தது. ஈரமணலும் இறகும் தண்ணீரும் செய்ய அவர்களுக்கே மூன்று வருஷம் ஆயிற்று. அடுத்த வாரம் மகளைத் திருவொற்றியூர்க் கரைக்குக் கூட்டிப்போய் உள்ளான் காட்டலாம் என்று பார்த்தேன். நாங்கள் போன இடத்தில் கடல் அரிப்புக்குக் கல் கொட்டியிருந்தது. பறவை ஓடுவதற்கு மணல் இல்லை. எண்ணூர் முகத்துவாரம்வரை போகவேண்டியதாயிற்று.

இன்னொன்று. 2018இல் 'பாவ்' எடுத்த டோமி ஷி, மாவுக் கொழுக்கட்டையை எப்படி மடிப்பது என்று ஸ்டூடியோ ஆட்களுக்குக் காட்டத் தன் அம்மாவையே இரண்டு தடவை வரவழைத்தார். விரல் எங்கே அழுத்துகிறது என்று அனிமேட்டர்கள் பார்க்கவேண்டுமே. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் வியாசர்பாடியில் அத்தோ கடை போட்டிருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து கிண்ணத்தில் போடும் அந்தக் கை. ஃப்ரேம் ஃப்ரேமாகக் கம்பி அழித்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கையில் ஒரு வாரத்துக்கு வேலை இருக்கிறது.

பெயர் வராத விஷயம். எனக்கும் கோபம்தான். அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. உங்கள் படத்தின் கடைசியில் கூட வேலை செய்கிறவர்கள் பெயரை எல்லாம் போடுங்கள், டீ வாங்கிக்கொடுத்தவன் உட்பட.

அந்தப் பச்சைக் குடம் இன்னும் எங்கள் மொட்டைமாடியில் இருக்கிறது. வாய்ப்பக்கத்தை அறுத்து மண் போட்டு அம்மா கற்றாழை வைத்துவிட்டார். தழும்பு அப்படியே இருக்கிறது. மாடல் செய்யப் படம் எடுக்கவேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், எட்டு மணிக்குமேல் வெயில் நேராக விழும்.

அன்புடன்
அண்ணன்